கைநாட்டு முதல் கைபேசி வரை

"நம்ம பொம்பளைங்க செல்போன் கத்துக்கிட்ட கதைய மலருக்கு எழுதிக் குடுங்கக்கா" என்று கூட்டமைப்புத் தலைவி கேட்டபோது, இதில் எழுத என்ன இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். இன்றைக்கு யார் வீட்டில் செல்போன் இல்லை? ஆனால் பரணில் கிடந்த பழைய தீர்மான நோட்டுகளை இறக்கிப் புரட்டிப் பார்த்த பிறகு ஒன்று புரிந்தது. இந்தக் கதை செல்போனில் தொடங்கவில்லை. ஒரு இங்க் பேடில் தொடங்குகிறது.

இங்க் பேடும் தீர்மான நோட்டும்

எங்கள் குழு ஆரம்பித்தபோது முதல் சந்தாப் பணத்தில் மூன்று பொருள் வாங்கினோம். ஒரு தீர்மான நோட்டு, ஒரு ரொக்கப் புத்தகம், ஒரு இங்க் பேட். குழுவில் பாதிப் பேருக்கு மேல் கைநாட்டு. முதல் பக்கத்தில் கட்டை விரல் ரேகைகள் வரிசையாக இருக்கின்றன. அதற்கு நாலைந்து மாதம் தள்ளி ஒரு பக்கத்தில், கோணல்மாணலாக, கோட்டுக்கு மேலேயும் கீழேயும் ஓடுகிற கையெழுத்துகள். அந்தப் பக்கத்தைப் பார்த்தால் இப்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

கையெழுத்து என்பது நம் இயக்கத்துக்குச் சின்ன விஷயம் அல்ல. 1974-இல் அகமதாபாத்தில் இலா பட் அம்மையாரின் சேவா சங்கம் தெருவோர வியாபாரிப் பெண்களுக்கென்று சொந்த வங்கி தொடங்கியது. சுமார் 4,000 பெண்கள் ஆளுக்கு 10 ரூபாய் போட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் எப்படி வங்கி நடத்துவார்கள் என்று கேள்வி வந்தது. பதிவுக் காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டிய பெண்கள் ஓர் இரவெல்லாம் உட்கார்ந்து தங்கள் பெயரை எழுதிப் பழகினார்கள். 1978-இல் சென்னையில் ஜெயா அருணாசலம் அம்மையார் 'ஒர்க்கிங் உமன்ஸ் ஃபோரம்' தொடங்கி, கூடைக்காரப் பெண்களுக்குச் சிறுகடன் கிடைக்க வழி செய்தார். 1983-இல் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் வந்தது. 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. 1992-இல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கியோடு இணைத்துப் பார்க்கும் சோதனையைத் தொடங்கியது. 1997-98-இல் மகளிர் திட்டம் வந்தது. ஊக்குநர், பிரதிநிதி என்ற சொற்கள் நம் தெருவுக்கு வந்தது அதன் பிறகுதான்.

இதற்கு நடுவில் புதுக்கோட்டையையும் சொல்லியாக வேண்டும். 1991-இல் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது, மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மையாரின் ஆதரவில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். பின் சீட்டில் உட்கார்ந்து போவது வேறு, ஹேண்டில்பாரைத் தானே பிடிப்பது வேறு என்பதை அந்தப் பெண்கள் காட்டினார்கள். இந்தச் சைக்கிளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்குத் திரும்பி வருவேன்.

ஒரே சாலை, ஒரே வருஷம்

2000-ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பார்க் திறந்தார்கள். அதே ஆண்டில்தான், அதே சாலையில் கொஞ்சம் தெற்கே, ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் குடியிருப்பும் தொடங்கியது. ஆற்றங்கரையிலும் கால்வாய் ஓரத்திலும் இருந்த குடும்பங்களை வண்டியில் ஏற்றி அங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். எங்கள் குடும்பமும் அப்படி வந்ததுதான். பின்னால் செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் சேர்ந்தன.

இதைப் 'பழைய மகாபலிபுரம் சாலை' என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அது 'ஐடி காரிடார்' ஆனது. கண்ணாடிக் கட்டடம் ஒவ்வொன்றாக எழுந்தது. நம் பெண்கள் பலர் அந்தக் கட்டடங்களுக்குள் போனார்கள், துடைப்பத்தோடும் மாப்போடும். ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களுக்குத் தூசி தட்டினார்கள். ஒன்றைக்கூட ஆன் பண்ணத் தெரியாது, தொடவும் அனுமதி இல்லை. "மவுஸ தள்ளி வச்சுத் தொடைக்கணும், நகந்துச்சுன்னா சூப்பர்வைசர் திட்டுவாரு" என்பதுதான் அவர்கள் கற்ற கம்ப்யூட்டர் பாடம்.

எங்கள் பக்கம் அப்போது இருந்த தொழில்நுட்பம் பெட்டிக்கடை வாசலில் தொங்கிய ஒரு ரூபாய் காயின் பாக்ஸ். ஊரில் யாராவது இறந்தால் அந்தக் கடைக்காரருக்குத்தான் முதலில் தெரியும். நம் வீட்டுச் செய்தி அடுத்தவர் வாய் வழியாக நமக்கு வந்த காலம் அது.

கிராமத்துக்குப் போன பாடம்

அந்த நாட்களில் ஏழைகளுக்குக் கணினி கொண்டுபோகும் முயற்சிகள் நாட்டில் நடக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. 1998-இல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்கள் அமைத்தது. 1999-இல் டெல்லி கல்காஜியில் சுகதா மித்ரா என்ற ஆய்வாளர் ஒரு குடிசைப் பகுதியை ஒட்டிய சுவரில் ஓட்டை போட்டு ஒரு கம்ப்யூட்டரைப் பதித்து வைத்தார். ஆசிரியர் இல்லாமலே குழந்தைகள் கூட்டமாக நின்று ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றுக்கொண்டார்கள். உலகமே வியந்து பேசியது. ஆனால் அது குழந்தைகளுக்காக வைத்த கணினி. வீட்டு வேலைக்குப் போய்விட்டு இருட்டிய பிறகு திரும்பும் அம்மாக்களுக்கு அந்தச் சுவரில் இடம் இல்லை.

2015-இல் கூகுளும் டாடா அறக்கட்டளையும் சேர்ந்து 'இன்டர்நெட் சாத்தி' என்று ஒரு திட்டம் தொடங்கின. பயிற்சி பெற்ற பெண்கள் சைக்கிளில் போனையும் டேப்லெட்டையும் எடுத்துப்போய் மற்றப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அருமையான யோசனை. அது கிராமங்களுக்கு. 2017-இல் மத்திய அரசு வீட்டுக்கு ஒருவர் வீதம் 6 கோடிப் பேருக்கு 20 மணி நேர டிஜிட்டல் எழுத்தறிவுப் பயிற்சி என்று அறிவித்தது. அதுவும் கிராமங்களுக்கு.

கிராமத்துக்குப் போனது தப்பே இல்லை, அங்கே தேவை அதிகம். ஆனால் பட்டணத்தில் இருந்தால் தானாகத் தெரிந்துவிடும் என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள். செல்போன் டவர் மாடி மேலேயே நிற்கிறது, கடைக்குக் கடை ரீசார்ஜ் கிடைக்கிறது, அப்புறம் என்ன என்று எண்ணம். 2019-21-இல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வு வேறு கதை சொன்னது. இந்திய நகரங்களில் இன்டர்நெட்டை ஒரு தடவையாவது பயன்படுத்திய பெண்கள் 51.8 சதவீதம்தான். நகர ஆண்களில் அது 72.5 சதவீதம். நகரப் பெண்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் அந்தப் பக்கமே போனதில்லை என்று அர்த்தம். அந்தப் பாதியில் நம் குடியிருப்புப் பெண்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நான் சொல்லவே வேண்டாம்.

காரணம் நமக்குத் தெரியும். வீட்டில் இருக்கும் நல்ல போன் புருஷனுடையது அல்லது மகனுடையது. அம்மாவுக்கு வருவது கண்ணாடி உடைந்து, சார்ஜ் நிற்காத பழைய போன். சிம் யார் பேரிலோ இருக்கும். மெனு இங்கிலீஷில் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பயம். "எதையாச்சும் அமுக்கிட்டா காசு போயிடும்."

நெருக்கடி வந்து கற்றுக்கொடுத்தது

பாடம் வரவில்லை, ஆனால் பரீட்சை வந்துவிட்டது. 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார்கள். அரிசிப் பானையிலும் புடவை மடிப்பிலும் இருந்த சேமிப்பெல்லாம் வெளியே வந்தது. அதே ஆண்டில் டேட்டா விலை சரிந்து, பிள்ளைகள் கையில் ஸ்மார்ட் போன் பெருகியது. யுபிஐ-யும் வந்தது. காய்கறி வண்டியில் ஒட்டியிருந்த கட்டம் போட்ட சீட்டைக் காட்டி "இது இன்னா சாமிப் படமா?" என்று ஒரு பாட்டி கேட்டது எங்கள் தெருவில் நீண்ட நாள் சிரிப்பாக இருந்தது.

2017-இல் தமிழ்நாட்டில் ஸ்மார்ட் ரேஷன் கார்டு வந்தது. பொருள் வாங்கினால் போனுக்குக் குறுஞ்செய்தி வரும். அதைப் படிக்கத் தெரிந்த அன்றுதான் எங்களில் ஒருத்தி, தான் வாங்காத பாமாயில் தன் கணக்கில் போனதைக் கண்டுபிடித்தாள். போனை எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்குப் போனாள், பாமாயிலோடு திரும்பினாள். குழுக் கூட்டத்தில் அவள் இதைச் சொன்ன அடுத்த வாரம், பத்துப் பேர் "எனக்கும் மெசேஜ் படிக்கச் சொல்லிக் குடு" என்று வந்து நின்றார்கள். எந்தப் பயிற்சி வகுப்பும் செய்யாத வேலையை ஒரு லிட்டர் பாமாயில் செய்தது.

2020 மார்ச்சில் ஊரடங்கு. பள்ளிக்கூடப் பாடம் வாட்ஸ்அப்பில் வந்தது. ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள், ஒரு போன். அந்தப் போனும் காலையில் அப்பாவோடு வெளியே போய்விடும். 2021 மே 1 முதல் 18 வயதிலிருந்து 44 வயது வரை உள்ளவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ள கோவின் தளத்தில் முன்பதிவு செய்தே ஆக வேண்டும் என்றார்கள். தொடக்கத்தில் அது ஆங்கிலத்தில்தான் இருந்தது. போன் இல்லாதவர், படிக்கத் தெரியாதவர் என்ன செய்வார் என்று உச்ச நீதிமன்றமே அந்த மாதக் கடைசியில் கேட்டது. அரசு மையங்களில் நேரில் வந்தும் பதியலாம் என்ற தளர்வு மே 24 அன்றுதான் வந்தது. அந்த மூன்று வாரமும் ராத்திரி பகலாக எங்கள் குழுவில் பிளஸ் டூ படித்த பெண் ஒருத்திதான் தெருவுக்கே பதிவு செய்தாள்.

ஓடிபி என்கிற புது கைநாட்டு

இப்போது நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இதை எழுத வேண்டுமா என்று தயங்கினேன். எழுதாவிட்டால் இந்த வரலாறு பொய்யாகிவிடும்.

ஊரடங்குக்குப் பிறகு எல்லாம் போனில் என்று ஆனபோது, குழுவில் ஓரளவு தெரிந்தவள் நான்தான். கேஸ் புக்கிங், ஆதார் இணைப்பு, பேங்க் பேலன்ஸ் என்று எதுவானாலும் "அக்கா, இதக் கொஞ்சம் பாருக்கா" என்று போனை என் கையில் கொடுத்துவிடுவார்கள். நானும் பெருமையாகச் செய்துகொடுத்தேன். பின் நம்பரை மறந்துவிடுகிறார்கள் என்று எல்லோருடைய நம்பரையும் என் டைரியில் எழுதி வைத்தேன். ஓடிபி வந்தால் எனக்குப் போன் போட்டுச் சொல்வார்கள். இதுதான் சேவை என்று நினைத்தேன்.

2023 செப்டம்பர் 15 அன்று கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியது. மாதம் 1,000 ரூபாய், ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் சொந்தக் கணக்குக்கு வந்தது. அந்த நாட்களில் எங்கள் குழுவில் பூ விற்கும் ஒரு அம்மாவுக்கு ஒரு அழைப்பு. "உங்க ஆயிரம் ரூபா நிக்கப் போகுது, நம்பர் வரும், சொல்லுங்க" என்றான் ஒருவன். அவர் சொல்லிவிட்டார். தவணை கட்ட வைத்திருந்த 8,400 ரூபாய் போய்விட்டது.

நான் கோபத்தில், "யாரு என்னான்னு கேக்காம எப்படிம்மா சொல்லுவ?" என்று கேட்டேன். அவர் அழவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்: "நீ கேப்பியே கண்ணு, அதே மாதிரிதான் கேட்டான். உன்கிட்ட சொல்றாப்புல சொல்ட்டேன்."

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஓடிபி கேட்டால் சொல்ல வேண்டும் என்ற பழக்கத்தை அவருக்கு ஏற்படுத்தியது அந்தத் திருடன் இல்லை, நான். ஒரு காலத்தில் வட்டிக்காரர் எழுதின தாளில், என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கட்டை விரலை வைத்தார்கள் நம் அம்மாக்கள். இன்று என்ன நடக்கிறது என்று தெரியாமலே ஆறு இலக்கத்தைச் சொல்கிறோம். கைநாட்டு போய்விட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஓடிபி-யாகத் திரும்பி வந்து என் டைரியிலேயே உட்கார்ந்திருந்தது.

பணம் திரும்பவில்லை. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே அழைத்திருந்தால், பணம் கை மாறுவதற்குள் நிறுத்தி வைக்க வாய்ப்பு இருந்தது. எங்களுக்கு அந்த எண் தெரிந்தது இரண்டு நாள் கழித்து. தவணைக்குக் குழு உள்கடன் கொடுத்தது. என் டைரியில் அந்தப் பக்கங்களை எல்லோர் முன்னாலும் கிழித்தேன். எல்லோரும் பின் நம்பரை மாற்றினார்கள்.

கையைக் கட்டிக்கொண்டு சொல்லிக்கொடு

அடுத்த கூட்டத்தின் தீர்மானம் நோட்டில் இப்படி இருக்கிறது: "ஒருவர் போனை மற்றவர் தொடக் கூடாது. சொல்லிக்கொடுப்பவர் கையைக் கட்டிக்கொண்டு சொல்லிக்கொடுக்க வேண்டும்." கேட்கச் சுலபம், செய்வது கஷ்டம். ஒரு அம்மா பச்சைப் பட்டனைத் தேடிப் பத்து நிமிஷம் தடுமாறும்போது, பிடுங்கி அமுக்கிவிடக் கை துடிக்கும். பொறுத்தோம்.

வாரக் கூட்டத்தில் வட்டமாக உட்கார்ந்து ஒரு ரூபாயைச் சுற்றி விட்டோம். ஒருவர் பக்கத்தில் இருப்பவருக்கு யுபிஐ-யில் ஒரு ரூபாய் அனுப்ப வேண்டும், அவர் அடுத்தவருக்கு. வட்டம் முடிந்து ரூபாய் கிளம்பிய இடத்துக்கே வர வேண்டும். முதல் நாள் நாலாவது ஆளோடு நின்றது. இரண்டு மாதத்தில் முழு வட்டம் வந்தது. இந்த ஒரு ரூபாய் கற்றுக்கொடுத்த பெரிய பாடம் இதுதான்: பணம் அனுப்பத்தான் பின் நம்பர் வேண்டும். பணம் வருவதற்குப் பின் நம்பரும் வேண்டாம், ஸ்கேன் பண்ணவும் வேண்டாம். "உனக்குப் பணம் வருது, பின் போடு" என்று எவனாவது சொன்னால் அவன் திருடன். இதை இப்போது எங்கள் குழுவில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் சொல்வார்கள்.

பட்டன் போன் வைத்திருப்பவர்களை ஒதுக்கவில்லை. 2022 மார்ச் 8, மகளிர் தினத்தன்று ரிசர்வ் வங்கி பட்டன் போனுக்கான 'யுபிஐ 123 பே' வசதியைத் தொடங்கி வைத்தது. நம்பரை அழைத்து, குரலைக் கேட்டு, பணம் அனுப்பலாம். படிக்க முடியாதவர்கள் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பப் பழகினார்கள். கூட்டத்துக்கு வர முடியாத நாளில் "நா வேலைல மாட்டிக்கினேன், சந்தா போட்டுட்டேன் பாரு" என்று குரல் வரும்.

கடன் ஆப் பற்றித் தனியாக இரண்டு கூட்டம் பேசினோம். ஐந்து நிமிஷத்தில் கடன் என்பார்கள். போனில் இருக்கும் நம்பர்களையும் படங்களையும் எடுத்துக்கொண்டு, தவணை தவறினால் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அசிங்கமாக அனுப்புவார்கள். 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி இதற்கு விதி போட்டது. கடன் தொகை நேராகக் கடன் வாங்குபவர் கணக்குக்குத்தான் வர வேண்டும், போனில் உள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் ஆப் எடுக்கக் கூடாது. ஒரு ஆப் "உங்கள் கான்டாக்டைப் பார்க்கலாமா" என்று கேட்டாலே அதை அழித்துவிடுங்கள். குழுவில் உள்கடன் கேட்க வெட்கப்பட்டு அந்தப் பக்கம் போகாதீர்கள். வெட்கத்துக்கு அவன் போடும் வட்டி அதிகம்.

சைக்கிளுக்குத் திரும்புகிறேன்

புதுக்கோட்டைப் பெண்கள் சைக்கிள் கற்றபோது கேலி செய்தவர்கள் உண்டு. விழுந்தார்கள், முட்டி பெயர்ந்தது, மறுபடி ஏறினார்கள். யாரும் அவர்களுக்காக மிதிக்கவில்லை. அதனால்தான் அது அவர்களுடையது ஆனது.

நமக்கு இன்னும் பாக்கி நிறைய இருக்கிறது. சொந்தப் போன் இல்லாத உறுப்பினர்கள் இப்போதும் இருக்கிறார்கள். புருஷன் பெயரில் உள்ள சிம்மில் பேங்க் கணக்கை இணைத்தவர்கள் இருக்கிறார்கள். அவர் கோபித்துக்கொண்டு போனை எடுத்துப் போனால், கணக்கும் கூடவே போகிறது. போனுக்காகக் குழுவில் உள்கடன் கொடுக்கலாம் என்று எங்கள் குழு முடிவு செய்திருக்கிறது. சிம் அவரவர் பெயரிலேயே வாங்க வேண்டும் என்பது நிபந்தனை. மற்றக் குழுக்களும் இதை யோசிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

பூ விற்கும் அந்த அம்மா இப்போது கூடையில் கியூஆர் அட்டையைக் கட்டி வைத்திருக்கிறார். போன மாதம் அவருக்கு மறுபடி ஒரு அழைப்பு வந்ததாம். "நம்பர் வந்திருக்கும், சொல்லும்மா" என்றானாம். இவர், "எங்க ஊக்குநர் கேட்டாலே சொல்ல மாட்டேன், நீ யாருடா?" என்று கேட்டு வைத்துவிட்டாராம்.

கூட்டத்தில் அவர் இதைச் சொன்னபோது எல்லோரும் கைதட்டினார்கள். நான்தான் எல்லோரையும் விடச் சத்தமாகத் தட்டினேன்.